ஐயாவை இனி நீங்கள் தனியாகத் தூக்க வேண்டாம்

வாசகர் கேள்வி:

எனக்கு 43 வயது. பக்கவாதம் வந்த 74 வயது ஐயா ஒருவரை, அவர்கள் வீட்டிலேயே தங்கி ஒன்பது மாதமாகப் பார்த்துக்கொள்கிறேன். அவருக்கு வலது கையும் காலும் வராது. பேச்சும் போய்விட்டது, ஆனால் நாம் சொல்வது புரிகிறது. 80 கிலோ இருப்பார். நான் 52 கிலோ. கட்டிலிலிருந்து கமோடு சேர், அங்கிருந்து வீல்சேர், திரும்பக் கட்டில் என்று ஒரு நாளைக்கு எட்டுப் பத்து முறை நான் ஒருத்தியே தூக்குகிறேன். அவர் இடது கையால் என் கழுத்தைக் கட்டிக்கொள்வார், கண் கலங்கும். இரண்டு மாதமாக எனக்கு இடுப்பு வலி. இப்போது இடது கெண்டைக்கால் வரை இழுக்கிறது. இடுப்புக்கு பெல்ட் போட்டுக்கொண்டு, மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுச் சமாளிக்கிறேன். இரவில் நாலைந்து முறை எழ வேண்டியிருக்கிறது. ஆறு வாரத்துக்கு முன் இன்சுலின் போட்டுவிட்டு ஊசிக்கு மூடி போடும்போது கட்டைவிரலில் குத்திவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. வலியைப் பற்றி ஐயாவின் மகளிடம் சொன்னதற்கு, "முன்னாடி இருந்தவங்க தனியாத்தானே செஞ்சாங்க" என்றார். ஏஜென்சியில், "முடியலைன்னா சொல்லுங்க, வேற ஆள் அனுப்பறோம்" என்கிறார்கள். எப்படித் தூக்கினால் வலிக்காது என்று சொல்லிக்கொடுங்கள்.

பதில்:

அன்புள்ள சகோதரி,

கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன அந்த ஊசியிலிருந்து தொடங்குகிறேன். இடுப்புக்கு அப்புறம் வருவோம்.

குத்திய அன்றைக்கே ஒரு மருத்துவரைப் பார்த்திருக்க வேண்டும். ஊசி மூலம் பரவக்கூடியவற்றில் முக்கியமானவை மூன்று: ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்ஐவி. இதில் எச்ஐவிக்கான தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பயன் உண்டு. அதுவும் சில மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. அந்தக் கெடு உங்களுக்குத் தாண்டிவிட்டது. பயப்படாதீர்கள். நோயாளிக்கு எச்ஐவி இருந்தால்கூட, ஒருமுறை ஊசி குத்துவதால் தொற்றுவது ஆயிரத்தில் மூன்று பேருக்குத்தான். இன்சுலின் ஊசி மிக மெல்லியது, தோலுக்கு அடியில் மட்டும் போகிறது, அதனால் வாய்ப்பு இன்னும் குறைவு. எனக்கு அதிகக் கவலை ஹெபடைடிஸ் பி பற்றித்தான். தடுப்பூசி போடாத ஒருவருக்கு, அந்தக் கிருமி உள்ள ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு 6 முதல் 30 வரை. உடம்புக்கு வெளியே காய்ந்த ரத்தத்தில்கூட அது ஏழு நாள் உயிரோடிருக்கும்.

ஆகவே இந்த வாரமே போய் மூன்றுக்கும் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். குத்திய தேதியை மருத்துவரிடம் சொல்லுங்கள். திரும்ப எப்போது பரிசோதிப்பது என்று அவர் சொல்வார். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி இதுவரை போட்டதில்லை என்றால் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். மூன்று தவணை, ஆறு மாதத்தில் முடிந்துவிடும். பராமரிப்பு வேலைக்கு வருகிற யாரும் முதல் நாளே போட்டிருக்க வேண்டிய ஊசி அது. போடச்சொல்லி உங்களிடம் யாரும் சொல்லவில்லை என்பது உங்கள் தவறில்லை.

இனிமேல் ஊசிக்கு மூடி போடவே போடாதீர்கள். குத்துகிற விபத்துகளில் பல அந்த ஒரு நொடியில்தான் நடக்கின்றன. திருகு மூடி உள்ள கெட்டியான பிளாஸ்டிக் டப்பா ஒன்றைக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். ஊசி போட்ட கையோடு அப்படியே அதற்குள் போட்டுவிட வேண்டும். முக்கால் பாகம் நிறைந்ததும் மூடி இறுக்கி ஒட்டி, மருத்துவமனையிலோ பரிசோதனைக்கூடத்திலோ எப்படி ஒப்படைப்பது என்று கேட்டு அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். குப்பையில் போட்டால் நாளைக்குக் குப்பை அள்ளுகிறவரின் கையில் குத்தும். மறுபடி எப்போதாவது குத்திவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிதுக்காதீர்கள், பிளீச்சிங் ஊற்றாதீர்கள். மணியைப் பார்த்துவிட்டு நேராக மருத்துவரிடம் கிளம்புங்கள்.

சரி, இடுப்புக்கு வருகிறேன்.

எப்படித் தூக்கினால் வலிக்காது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் 26 வருடம் நர்ஸாக இருந்தவள். கடைசிப் பத்து வருடமாக உங்களைப் போல வீடுகளில் வேலை பார்ப்பவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். ஒருவர் தனியாக 80 கிலோ மனிதரை வலிக்காமல் தூக்கும் முறை ஒன்றை நான் இதுவரை கண்டதில்லை. அப்படி ஒன்று இல்லை. முழங்காலை மடக்கு, முதுகை நேராக வை, சுமையை உடம்போடு ஒட்டிப் பிடி என்று எங்களுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். பல வருடம் நானும் அதையே சொல்லிக்கொடுத்தேன். அந்தப் பயிற்சியை மட்டும் கொடுப்பதால் முதுகுக் காயங்கள் குறைவதில்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டிவிட்டன. ஒரு பெட்டி அசையாது, கைப்பிடி இருக்கும், பாதியில் கால் மடங்கிச் சரியாது. மனிதர் அப்படியில்லையே.

அமெரிக்காவில் தொழிலிடப் பாதுகாப்பை ஆராயும் நியோஷ் என்ற அரசு நிறுவனத்தின் விஞ்ஞானி ஒருவர் 2007இல் ஒரு கணக்குப் போட்டார். நோயாளி ஒத்துழைக்கிறார், நிற்க இடம் தாராளம், முதுகை முறுக்க வேண்டியதில்லை என்று எல்லாமே சாதகமாக இருந்தால்கூட, பராமரிப்பவர் கையால் தாங்கக்கூடிய எடை 35 பவுண்டுதான் என்பது அவர் வைத்த வரம்பு. ஏறத்தாழ 16 கிலோ. ஐயாவின் ஒரு கால் மட்டுமே சுமார் 13 கிலோ இருக்கும். அவருடைய வராத காலைத் தூக்கிக் கட்டில்மேல் வைக்கும்போதே அந்த வரம்பின் ஓரத்துக்குப் போய்விடுகிறீர்கள். முழு மனிதரை ஒரு நாளைக்குப் பத்து முறை! வலி வந்ததற்கு உங்கள் பலவீனம் காரணமில்லை. யாராக இருந்தாலும் வந்திருக்கும்.

முன்பிருந்தவர் தனியாகத்தான் செய்தார் என்கிறார்கள். செய்திருப்பார். அவர் ஏன் வேலையை விட்டுப் போனார் என்று யாராவது கேட்டார்களா? நீங்கள் கேளுங்கள். என்னிடம் பயிற்சிக்கு வந்தவர்களில் எத்தனையோ பேர், "முன்பிருந்தவர்" என்ற அந்த ஆளாக இருந்து, இடுப்பு போய், வெளியே வந்தவர்கள்தான்.

இப்போது வந்திருக்கும் வலியைத் தள்ளிப்போடாதீர்கள். இடுப்பில் ஆரம்பித்துக் கெண்டைக்கால் வரை இழுக்கிறது என்றால், முதுகெலும்பின் தட்டு ஒன்று பிதுங்கி நரம்பை அழுத்துகிறதோ என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் அறுவை சிகிச்சை இல்லாமலே சரியாகிவிடும். ஆனால் தினமும் அதே சுமையைத் தூக்கிக்கொண்டிருந்தால் ஆறாது. சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, கட்டுப்பாடில்லாமல் போனாலோ, உட்காருமிடம் மரத்துப்போனாலோ, பாதம் தொங்கினாலோ, இரண்டு காலும் பலம் இழந்தாலோ ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள். கடையில் வாங்கிப் போடும் வலி மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்கினால் வயிற்றில் புண் வரும், சிறுநீரகம் கெடும். அதைவிட எனக்குப் பெரிய கவலை, நிறுத்து என்று உடம்பு சொல்வதை மாத்திரை உங்களுக்குக் கேட்காமல் செய்துவிடுகிறது என்பதுதான்.

அந்த பெல்ட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சுமை தூக்கும் கடை ஊழியர்கள் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடத்திய ஆய்வு 2000இல் வெளிவந்தது. பெல்ட் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் முதுகு வலியிலும் காயத்திலும் வித்தியாசம் இல்லை. பெல்ட் உங்கள் இடுப்பில் வேண்டாம், ஐயாவின் இடுப்பில் இருக்கட்டும். நோயாளிக்குக் கட்டுவதற்கென்றே கைப்பிடி தைத்த அகலமான பெல்ட் கிடைக்கிறது. சட்டைக்கு மேல் கட்டிவிட்டால், அக்குளிலோ கையிலோ பிடித்து இழுக்காமல் பெல்ட்டைப் பிடித்து அவருடைய அசைவை வழிநடத்தலாம். அதைப் பிடித்துத் தூக்கக் கூடாது. அவர் எழும்போது தள்ளாடாமல் பிடித்துக்கொள்ளத்தான் அது. வயிற்றில் உணவு செலுத்தும் குழாய் இருந்தாலோ சமீபத்தில் அறுவை சிகிச்சை ஆகியிருந்தாலோ மருத்துவரைக் கேட்காமல் கட்ட வேண்டாம்.

முதலில் தெரிய வேண்டியது ஒன்றுதான். ஐயாவால் இடது காலை ஊன்றி, கொஞ்ச நேரமாவது தன் எடையைத் தாங்க முடியுமா? இதை நீங்களோ நானோ ஊகிக்கக் கூடாது. ஒரு பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வந்து பார்த்துச் சொல்ல வேண்டும். ஒருமுறை வந்தால் போதும். தாங்க முடியாது என்று அவர் சொல்லிவிட்டால் பேச்சே இல்லை, ஹாய்ஸ்ட் வேண்டும். நாலு சக்கரம் வைத்த ஸ்டாண்டில் துணித் தொட்டில் தொங்குமே, அதுதான். பல இடங்களில் வாடகைக்கும் தருகிறார்கள். அதையும் இரண்டு பேர் சேர்ந்து இயக்குவதுதான் முறை.

தாங்க முடியும் என்றால் கதையே மாறிவிடும். அப்போது நீங்கள் அவரைத் தூக்க வேண்டியதில்லை, அவர் எழுவார், நீங்கள் துணைக்கு நிற்பீர்கள். வீல்சேரை அவருடைய இடது பக்கம், பலமுள்ள பக்கம், கட்டிலை ஒட்டிச் சற்றுச் சாய்வாகப் போடுங்கள். பிரேக் இரண்டையும் பூட்டி, கால் வைக்கும் பலகைகளை ஒதுக்கிவிடுங்கள். அவரைக் கட்டில் விளிம்புக்கு நகர்த்தி, இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் படும்படி உட்கார வையுங்கள். பாதங்கள் முழங்காலுக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கட்டும். வழுக்கும் சாக்ஸ் கூடாது. அவருக்கு முன்னால், வலது பக்கமாக நின்று, வராத அந்த வலது முழங்கால் மடங்காதபடி உங்கள் முழங்காலை அணை கொடுங்கள். இப்போது அவர் முன்னால் குனிய வேண்டும். மூக்கு கால்விரலுக்கு நேராக வரும் அளவுக்கு. எல்லோரும் இங்கேதான் கோட்டை விடுகிறோம். அவரை நிமிர்த்தியே மேலே இழுக்கப் பார்க்கிறோம். முன்னால் குனிந்தால் இடுப்பு தானாக எழும், நாம் நாற்காலியிலிருந்து எழுவதும் அப்படித்தான். எழுந்ததும் ஒரு மூச்சு நிதானித்து, சின்னச் சின்ன அடியாகத் திரும்பி உட்கார வைக்க வேண்டும். உங்கள் பாதமும் சேர்ந்து திரும்பட்டும், இடுப்பை மட்டும் முறுக்காதீர்கள். திரும்பக் கட்டிலுக்குப் போகும்போது வீல்சேரை மாற்றிப் போட்டு, மறுபடியும் இடது பக்கமே முன்னால் போகும்படி பாருங்கள். பிசியோதெரபிஸ்ட் முன்னால் ஓரிரு முறை செய்து பார்த்த பிறகுதான் இதைச் செய்ய வேண்டும். நான் எழுதியதை மட்டும் வைத்துக்கொண்டு நாளைக் காலையே முயல வேண்டாம்.

அவருடைய வலது கையைப் பிடித்து மட்டும் எப்போதும் இழுக்காதீர்கள். பக்கவாதத்தில் தோள் மூட்டைச் சுற்றியுள்ள தசை தளர்ந்துபோயிருக்கும், இழுத்தால் மூட்டு நழுவும். பேச்சு வராதவர், வலிக்கிறது என்றும் சொல்ல மாட்டார்.

கட்டில் சுவரோடு ஒட்டிக் கிடக்கிறது என்றால் இன்றைக்கே இழுத்துப் போடச் சொல்லுங்கள், இரண்டு பக்கமும் ஆள் நிற்க இடம் வேண்டும். தாழ்வான கட்டில் உங்கள் இடுப்புக்கும் எதிரி, அவர் எழுவதற்கும் எதிரி. உயரம் மாற்றும் கட்டில் கிடைத்தால் டயபர் மாற்றும்போதும் உடம்பு துடைக்கும்போதும் உங்கள் இடுப்பு உயரத்துக்கு ஏற்றிக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால் கால்களுக்கு அடியில் உறுதியான கட்டைகள் வைத்து, உட்கார்ந்தால் ஐயாவின் பாதம் தரையில் படும் அளவுக்கு மட்டும் உயர்த்தலாம். படுக்கையில் மேலே ஏற்றுவதற்கும் புரட்டுவதற்கும் வழுவழுப்பான துணியால் ஆன ஸ்லைடு ஷீட் என்று ஒன்று இருக்கிறது. அதை அடியில் விரித்து இரண்டு பேர் இரண்டு பக்கம் நின்று இழுத்தால் அவர் சறுக்கிக்கொண்டு போவார், தோலும் உராயாது, படுக்கைப்புண்ணுக்கும் அது நல்லது. அப்புறம், பத்து முறை என்பது ஏன் பத்து? சக்கரம் வைத்த கமோடு சேர் இருந்தால் அதிலேயே குளிக்கவும் வைக்கலாம். சிறுநீருக்குப் படுக்கையிலேயே பாட்டில் கொடுத்தால் இரவில் தூக்குவதே இருக்காது. நாளொன்றுக்கு நாலைந்து முறையாகக் குறைத்துவிடலாம்.

அவர் நழுவி விழப்போனால் பாய்ந்து தாங்கிப் பிடிக்காதீர்கள். எனக்கு 34 வயதில், வார்டில், விழப்போன ஒரு நோயாளியைத் தாவிப் பிடித்தேன். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. என் வலது தோளின் தசைநார் கிழிந்தது. இன்றைக்கும் அந்தக் கையால் தலை பின்ன முடியாது. விழுகிறவரை உங்கள் உடம்போடு ஒட்டி மெதுவாகத் தரையில் சரியவிட வேண்டும், தலை அடிபடாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். தரைக்கு வந்தபின் உடனே தூக்காதீர்கள். தலையணை கொடுத்து, போர்த்திவிட்டு, எங்காவது அடிபட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். தலையில் அடிபட்டிருந்தாலோ கால் கோணலாக இருந்தாலோ ஆம்புலன்ஸ்.

இதையெல்லாம் மகளிடம் எப்படிச் சொல்வது என்று நினைக்கிறீர்கள், தெரியும். அவர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. நீங்கள் தூக்குவதை அவர் ஒருநாளும் பார்த்திருக்க மாட்டார், அவ்வளவுதான். கதவுக்குப் பின்னால் நடக்கிற வேலை இது. ஒரு காலையில் அவரை அறைக்குள் கூப்பிட்டு, "அக்கா, பிசியோதெரபிஸ்ட் வர்ற வரைக்கும் அந்தப் பக்கம் நீங்க பிடிங்க" என்று சொல்லுங்கள். ஒரு தடவை ஐயாவின் எடை அவர் கைக்கு வந்துவிட்டால் பாதிப் பேச்சு மிச்சம். அதன் பிறகு, "நான் முடியாதுன்னு சொல்லலை. இப்படியே செஞ்சா ஒருநாள் ஐயாவும் நானும் சேர்ந்து விழுவோம். அப்புறம் அவருக்கு இடுப்பு எலும்பு முறிஞ்சா ஆஸ்பத்திரிதான்" என்று சொல்லுங்கள். அது மிரட்டலில்லை, நான் பல வீடுகளில் பார்த்தது. கேட்க வேண்டியதை மூன்றாகச் சுருக்கிக்கொள்ளுங்கள்: பிசியோதெரபிஸ்ட் ஒருமுறை வர வேண்டும், காலையும் மாலையும் தூக்கி மாற்றும் நேரத்தில் இன்னொருவர் கை கொடுக்க வேண்டும், பெல்ட்டும் ஸ்லைடு ஷீட்டும் வேண்டும். தேதி போட்டு ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். ஏஜென்சிக்கும் அதையே வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். வலி எப்போது தொடங்கியது, ஊசி எப்போது குத்தியது என்பதும் அதில் இருக்கட்டும். பின்னால் சிகிச்சைச் செலவு பற்றிப் பேச வேண்டி வந்தால் அந்தத் தாள்தான் உங்களுக்காகப் பேசும்.

ஏஜென்சிக்காரர்கள் சொன்ன "வேற ஆள் அனுப்பறோம்" எனக்குக் கோபத்தை வரவழைத்தது. வேறு ஆள் வந்தாலும் அதே கட்டில், அதே 80 கிலோ. ஆளை மாற்றினால் ஆபத்து போய்விடாது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2011இல் வீட்டு வேலை செய்வோருக்கென 189ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. பாதுகாப்பான, உடல்நலத்துக்குக் கேடில்லாத வேலைச் சூழல் ஒவ்வொரு வீட்டுப் பணியாளரின் உரிமை என்று அதன் 13ஆம் பிரிவு சொல்கிறது. வாரத்தில் தொடர்ச்சியாக 24 மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. எல்லா நாடுகளும் அதில் கையெழுத்துப் போட்டுவிடவில்லை. உங்கள் நாட்டுச் சட்டத்தில் என்ன இருக்கிறது என்பதைத் தொழிலாளர் அலுவலகத்திலோ தொழிற்சங்கத்திலோ கேளுங்கள். ஆனால் ஒன்றை மனதில் வையுங்கள். அவர்களுக்கு அது வீடு. உங்களுக்கு அது வேலையிடம். ஆலையில் 80 கிலோ மூட்டையை ஒரு பெண்ணை ஒருத்தியாகத் தூக்கச் சொன்னால் கேள்வி கேட்க மேற்பார்வையாளர் வருவார். இங்கே வர யாருமில்லாததால் நீங்களே வாய் திறக்க வேண்டியிருக்கிறது.

தூக்கத்தைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். நாலைந்து முறை எழுந்துவிட்டுக் காலையில் இன்சுலின் அளவைப் பார்த்து ஏற்றுகிற கை உங்களுடையது. ஒரு கோடு தப்பினால் ஐயாவுக்கு ஆபத்து. எதற்காக எழுகிறீர்கள் என்று ஒரு வாரம் நேரத்தோடு குறித்துவையுங்கள். சிறுநீருக்கு என்றால் பாட்டில் இருக்கிறது, மாலையில் சிறுநீர் அதிகம் பிரியவைக்கும் மாத்திரை கொடுக்கிறீர்கள் என்றால் நேரத்தை மாற்ற முடியுமா என்று மருத்துவரைக் கேட்கலாம். புரட்டிப் படுக்கவைக்க என்றால் காற்று மெத்தை போட்டு இடைவெளியைக் கூட்டலாமா என்று கேளுங்கள். அப்படியும் குறையவில்லை என்றால் வாரத்தில் இரண்டு இரவாவது வீட்டார் மாறிக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. சிறுநீர் பட்ட துணியை அலசாமல் பிளீச்சிங்கில் ஊறவைக்காதீர்கள், கழிப்பறை ஆசிட்டோடு பிளீச்சிங்கைச் சேர்க்கவும் சேர்க்காதீர்கள். இரண்டிலும் நச்சு வாயு கிளம்பும், சின்னக் குளியலறையில் நுரையீரல் எரிந்துவிடும்.

கடைசியாக, கழுத்தைக் கட்டிக்கொள்கிறார், கண் கலங்குகிறது என்று எழுதியிருந்தீர்களே. கழுத்தைப் பிடிக்க விடாதீர்கள். அவர் பயத்தில் இழுத்தால் உங்கள் கழுத்து எலும்புக்கு ஆபத்து. அந்த இடது கையைக் கட்டில் விளிம்பில் வைத்து அழுத்தச் சொல்லுங்கள், பாதி எழுந்ததும் வீல்சேரின் அந்தப் பக்கக் கைப்பிடியைக் காட்டுங்கள். ஒவ்வொரு அசைவுக்கும் முன்னால் அவரிடம் சொல்லுங்கள். எல்லாம் புரிகிற மனிதர் அவர். உங்களுக்கு வலிக்கிறது என்பதும் அவருக்கு எப்போதோ புரிந்திருக்கும். "ஐயா, இனிமே நான் தூக்கப்போறதில்ல, மூணு எண்ணுவேன், நீங்கதான் எழுந்திரிக்கணும்" என்று சொல்லிவிட்டு, ஒன்று, இரண்டு என்று நிதானமாக எண்ணுங்கள். மூன்று சொன்ன பிறகும் கொஞ்சம் பொறுங்கள். பக்கவாதம் வந்தவருக்குக் காதில் விழுந்தது காலுக்குப் போய்ச் சேரக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகலாம்.